மலை ஏறிய மொழி

மைசூருக்குத் தெற்கே கபிலை ஆற்றங்கரையில் நஞ்சன்கூடு இருக்கிறது. அங்கே வீட்டிலும் கடையிலும் பேசுவது கன்னடம். அந்த ஊர் வழியாக ஊட்டிக்குச் சாலை போகிறது. குண்டலுப்பேட்டையைத் தாண்டி, பந்திப்பூர்க் காட்டைத் தாண்டி, நீலகிரி மலைமேல் ஏறுகிறது.

அந்த மலையில் படுகர்கள் வாழ்கிறார்கள். முன்னோர்கள் மைசூர்ச் சமவெளியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். வந்து பல நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் ‘வடக்கு’ கன்னடத்தில் ‘படகு’ ஆகும். படுகர் என்றால் வடக்கிலிருந்து வந்தவர்.

அவர்கள் பேசுவது படுக மொழி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 1 லட்சத்து 33 ஆயிரம் பேர் இதைத் தாய்மொழி என்றார்கள். கணக்கெடுப்பில் இதைக் கன்னடத்தோடு சேர்த்திருக்கிறார்கள். ஆனால் இது தனிமொழி என்று மொழி அறிஞர் பலர் சொல்கிறார்கள்.

இந்த மொழியில் சில சொற்கள் நமக்கும் தெரியும். ஊட்டிக்குப் போனவர்கள் தொட்டபெட்டாவைப் பார்த்திருப்பார்கள். ‘தொட்ட’ என்றால் பெரிய. ‘பெட்ட’ என்றால் மலை. நம் ‘பால்’ அங்கே ‘ஹாலு’. நம் ‘பத்து’ அங்கே ‘ஹத்து’. ஊருக்குப் பெயர் ‘ஹட்டி’. தும்மனட்டி என்ற ஊர்ப்பெயரில் அது ஒளிந்திருக்கிறது.

படுக மொழிக்குச் சொந்த எழுத்து இல்லை. எழுத்து இல்லாவிட்டால் நினைவில் நிற்குமா? நின்றதே! படுகர் வீட்டில் சாவு நேர்ந்தால், ஒரு பெரியவர் எழுந்து நிற்பார். மனிதர் செய்யக்கூடிய தவறுகளை வரிசையாகச் சொல்வார். பாம்பைக் கொன்றது, பல்லியைக் கொன்றது, எல்லைக் கல்லை நகர்த்தியது என்று அது நீளும். ஒவ்வொன்றுக்கும் கூடி நிற்பவர்கள் ‘அது பாவம்’ என்பார்கள். கடைசியில் இறந்தவர் நல்லபடி போகட்டும் என்று வேண்டுவார்கள். புத்தகம் பார்த்துப் படித்ததல்ல இது. பாட்டன் சொல்ல, பேரன் கேட்டுக் கற்றது.

கேட்க ஆள் இல்லாவிட்டால்தான் ஆபத்து. நாக்கை மடக்கிச் சொல்லும் சில உயிரொலிகள் இம்மொழியில் இருந்தன. எமனோ என்ற அறிஞர் 1939இல் அவற்றைப் பற்றி எழுதினார். இப்போது பலர் பேச்சில் அவை இல்லை. தேயிலைத் தோட்டத்திலும் வீட்டிலும் படுக மொழி கேட்கிறது. பள்ளியில் தமிழும் ஆங்கிலமும்தான். வேலைக்காகக் கோவைக்கும் பெங்களூருக்கும் போன குடும்பங்களில் குழந்தைகளுக்குப் பாட்டியின் பேச்சு பாதிதான் புரிகிறது.

எழுதி வைக்க முயற்சியும் நடந்திருக்கிறது. 1890இல் ஒரு கிறித்தவ நூல் கன்னட எழுத்தில் படுக மொழியில் அச்சானது. 1992இல் பெரிய படுக – ஆங்கில அகராதி வந்தது. இன்று பலர் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறார்கள். அதில் ஒரு சிக்கல். ‘பெட்ட’ என்று எழுதலாம். ஆனால் ‘பம்பரம்’ என்பதில் வரும் முதல் ‘ப’ போலச் சொல்வதா, இரண்டாவது ‘ப’ போலச் சொல்வதா? எழுத்து ஒன்றுதான், ஒலி இரண்டு. இரண்டாவது போல என்று பாட்டிக்குத் தெரியும். பேரன் அவரிடம்தான் கேட்க வேண்டும்.