அத்தைக்கு வயது 75, ஊட்டியில் இரண்டு நாள்!

நம் வீடுகளில் யார் யாருக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம் என்று ஒரு நிமிஷம் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே! குழந்தைகளுக்கு உண்டு. வீட்டுக்காரருக்குப் பாயசமாவது உண்டு. ஆண்களுக்கு 60-க்கு மணிவிழா, 80-க்கு சதாபிஷேகம் என்று பெரியவர்களே நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்போது மனைவிக்கும் பக்கத்தில் ஒரு மணை கிடைக்கும். ஆனால் கணவரை இழந்துவிட்ட ஒரு பாட்டிக்கு? அவருக்கென்று யார் நாள் பார்க்கிறார்கள்?

என் மாமியாருக்குப் பங்குனியில் 75 முடிந்தது. ஆங்கிலத் தேதி யாருக்கும் தெரியாது. பங்குனி மாதம், உத்திர நட்சத்திரம், அவ்வளவுதான். "ஊரே காவடி எடுக்கிற நாள்ல பொறந்தேன். அதனால என்னை யாரும் கவனிக்கலை" என்று அத்தையே சிரித்துக்கொண்டு சொல்வார். மாமா காலமாகி மூன்று வருஷமாகிறது. அதிலிருந்து அத்தை கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. ஈரோட்டு வீட்டைவிட்டு வெளியே போனதென்றால் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவைதான்.

"வீட்டிலேயே நூறு பேருக்கு விருந்து போட்டுடலாம்" என்றார் என்னவர். வீட்டில் விருந்து என்றால் யாருக்குச் சாப்பாடு, யாருக்கு வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பிறந்தநாள்காரரே அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருப்பார்!

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "அத்தை, எங்கேயாவது போய்ப் பார்க்கணும்னு உங்களுக்கு ஆசை உண்டா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு சொன்னார்: "உங்க மாமா உருளைக்கிழங்கு வியாபாரத்துக்கு வாராவாரம் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவாரு. அப்படியே ஊட்டிக்கும் ஏறிடுவாரு. நான் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்ததோட சரி, அம்மிணி. மலை எப்படி இருக்கும்னு பார்த்ததில்லை."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். உத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை, அந்த வாரக் கடைசியில் இரண்டு நாள் ஊட்டி!

நாத்தனாரின் கோபம்

செய்தி தெரிந்ததும் நாத்தனாரிடமிருந்து போன். "பிரஷர் இருக்கு, முழங்கால் வலி இருக்கு. குளிர்ல கொண்டுபோய் அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார். பெற்ற மகள் கேட்பதில் என்ன தப்பு? அதனால் அவரையும் கூட்டிக்கொண்டே அத்தையை எங்கள் டாக்டரிடம் காட்டினேன்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். "ஊட்டி சுமார் 7,350 அடி உயரம்தான். மலை ஏறுவதால் வருகிற கடுமையான உபாதைகள் பெரும்பாலும் 8,000 அடிக்கு மேலேதான். ஆனால் குளிரில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது, முதல் நாள் ஓய்வு, மேட்டில் நடக்க விடாதீர்கள்" என்றார். இருதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் இப்படிக் கேட்காமல் புறப்படவே கூடாது என்றும் சொன்னார். நாத்தனார் முகம் தெளிந்தது. "அப்ப நானும் வர்றேன்" என்றார். கூடவே அவர் மகளும், அவளுடைய பத்து மாதக் கைக்குழந்தையும்! என் மகன், மகளையும் சேர்த்து எட்டுப் பேர். ஒரு வேன் பேசினோம்.

பாதி வழி வேன், பாதி வழி ரயில்

ஊட்டி என்றால் மலை ரயில் இல்லாமலா? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ஓட ஆரம்பித்த ரயில் அது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 16 குகைகள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் இருக்கும். எஞ்சினின் பல் சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே ஏறும். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

அடிவாரத்திலிருந்தே ரயிலில் போகணும் என்று என் மகள் அடம் பிடித்தாள். ஆனால் மேலே போய்ச் சேர ஐந்து மணி நேரம் போல் ஆகும். பெட்டியில் கழிப்பறை கிடையாது, நிலையத்தில் நிற்கும்போதுதான் இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரரால் முடியுமா? அதனால் குன்னூர் வரை வேனில், அங்கிருந்து ஊட்டிக்கு ரயிலில் என்று வைத்துக்கொண்டோம். இந்தப் பாதி வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் போல்தான்.

குன்னூர்ச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டாமலிருக்க எல்லோருக்கும் காலையில் இரண்டு இட்லி மட்டும்தான். எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. அத்தையை முன் சீட்டில் உட்கார வைத்து, "தூரத்து மலையைப் பாருங்க, வளைவைப் பார்க்காதீங்க" என்றேன். போனைப் பார்த்துக்கொண்டே வந்த என் மகன்தான் ஏழாவது வளைவில் வாந்தி எடுத்தான். அத்தை ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்!

குன்னூரில் ரயில் ஏறினோம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு நிலையமாக வந்தது. கேத்திப் பள்ளத்தாக்கில் படிப்படியாகக் காய்கறித் தோட்டங்கள் தெரிந்தன. அத்தை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, "இதெல்லாம் கேரட்டு, அதோ அது உருளைக்கிழங்கு" என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று வருஷத்தில் அவர் அத்தனை பேசி நான் கேட்டதில்லை.

குளிர் இரவில் ஒரு எச்சரிக்கை

பங்குனியில் ஊட்டியில் பகலில் இதமான வெயில். ராத்திரியில் பத்து டிகிரி வாக்கில் இறங்கிவிடும். கீழ்த்தளத்து அறைதான் வேண்டும், குளியலறை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன்.

ராத்திரி விடுதிப் பையன் ஒரு இரும்புச் சட்டியில் கரி நெருப்பைக் கொண்டுவந்தான். "கதவைச் சாத்திக்கிட்டுப் படுங்கம்மா, கதகதப்பா இருக்கும்" என்றான். என்னவர் உடனே திருப்பி அனுப்பிவிட்டார். தாய்மார்களே, இதை மட்டும் மறக்காதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்கினவர்கள் தூங்கினபடியே போய்விடுவார்கள். குளிரானால் இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள். நெருப்பை அறைக்குள் வைக்காதீர்கள்.

அத்தைக்குக் காலுறை, தலைக்கு மப்ளர், உள்ளே ஒரு பருத்தி ஜாக்கெட், அதன் மேல் ஸ்வெட்டர். ஒரே தடிமனான துணியைவிட இரண்டு மூன்று மெல்லிய துணிகளை அடுக்கடுக்காகப் போட்டால் குளிர் தாங்கும். வெந்நீர்ப் பையை டவலில் சுற்றித்தான் கொடுத்தேன். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுட்டாலும் தெரியாது. ராத்திரி எழுந்தால் வழுக்காமலிருக்கக் குளியலறை விளக்கை எரியவிட்டோம்.

பிறந்தநாள் காலை

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு இடம்தான் என்று திட்டம். தொட்டபெட்டா 8,650 அடி, வேண்டாம். குன்னூர் சிம்ஸ் பூங்கா பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியது, வேண்டாம். தாவரவியல் பூங்காவின் அடிவாரத்துப் புல்வெளி போதும். 1848-ல் உருவாக்க ஆரம்பித்த அந்தப் பூங்காவில் இரண்டு கோடி வருஷத்துக் கல்மரம் ஒன்று இருக்கிறது. "எனக்கு மூத்தது ஒண்ணாவது இருக்கே!" என்றார் அத்தை.

பெஞ்சியில் உட்கார வைத்து, என் மகள் வாங்கி வந்த சின்ன கேக்கை முன்னால் வைத்தோம். "தனியா நிக்கிறவளுக்கு என்ன பிறந்தநாள்? பார்க்கிறவங்க என்ன நெனப்பாங்க?" என்று அத்தை கையை இழுத்துக்கொண்டார். நாத்தனார்தான் அந்தக் கையைப் பிடித்துக் கத்தியைக் கொடுத்தார். "நீ பொறந்ததுக்குத்தானேம்மா நாங்கெல்லாம் இருக்கோம்" என்றார். வேண்டாம் என்று போனில் சண்டை போட்ட அதே நாத்தனார்! அத்தை வெட்டினார். முதல் துண்டை வழக்கம்போல் மகனுக்கு ஊட்டப் போனார். பிள்ளைகள் விடவில்லை. அவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு.

அங்கிருந்து புறப்பட்டு, தோடர் இனப் பெண்கள் பின்னிய சால்வை ஒன்று வாங்கினோம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே போடுவார்களாம். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தை தடவிப் பார்த்துவிட்டு, "சிவப்பு எனக்கெதுக்கு?" என்றார். "குளிருக்குத்தானே அப்பத்தா!" என்று என் மகள் போர்த்திவிட்டாள். ஆமாம், குளிருக்குத்தானே! ஈரோட்டுக்கு வந்து சேரும்வரை அத்தை அதைக் கழற்றவில்லை. ஈரோட்டில் அன்றைக்கு என்ன வெயில் தெரியுமா?

ஊட்டியை உலகத்துக்குக் காட்டியவர் ஜான் சல்லிவன் என்ற கோயம்புத்தூர் கலெக்டர் என்று படித்திருப்பீர்கள். 1819-ல் மலைக்கு வந்தார், பங்களா கட்டினார், ஏரி வெட்டினார் என்றெல்லாம் அவர் பெயர் நிற்கிறது. அவருடைய மனைவியும் மகளும் இங்கேயே இறந்து, செயின்ட் ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் வேன் போனபோது இதைச் சொன்னேன். "கூட வந்த பொம்பளைங்க பேரை யாரு ஞாபகம் வச்சுக்கிறா" என்றார் அத்தை, வெளியே பார்த்துக்கொண்டே.

இறங்கும்போது மேட்டுப்பாளையத்தில் வேனை நிறுத்தச் சொன்னார். கிழங்கு மண்டிகள் இருக்கிற தெருவில் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தார். "இங்கதான் வருவாரா?" என்றார். என்னவர் தலையாட்டினார். வேறு பேச்சு இல்லை.

நீங்களும் போவதானால்...

* அந்த வீட்டிலேயே பலம் குறைந்த கால் யாருடையதோ, அவருக்கு ஏற்றபடி நாளைப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். பிள்ளைகள் இன்னொரு தடவை போய்க்கொள்ளலாம்.

* மலை இறங்கும்போது காது அடைக்கும். கைக்குழந்தைக்கு அந்த நேரம் பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். பெரியவர்களுக்கு ஒரு மிட்டாய் போதும். சளி, காதுவலி இருக்கும் குழந்தையானால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழந்தைக்குப் பருப்பு சாதம் வைப்பதானால் திறந்த பாத்திரத்தில் சீக்கிரம் வேகாது. சின்ன குக்கர் ஒன்று கையோடு இருக்கட்டும்.

* குளிரில் தாகம் தெரியாது. வயதானவர்களுக்கு நாமாகவே வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

* மாத்திரைகளை ஒரே பெட்டியில் வைக்காமல் இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். மருந்துச் சீட்டும் இருக்கட்டும்.

* நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது. புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

* ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரயில் நின்றுபோவதுண்டு. மே மாதத்தில் கூட்டம் தாங்காது. பெரியவர்களோடு போகப் பங்குனி போன்ற இடைப்பட்ட காலமே நல்லது.

ஊட்டிதான் போக வேண்டும் என்றில்லை. பக்கத்து ஊர் ஆற்றங்கரையாக இருக்கலாம், அவர் பிறந்த கிராமமாக இருக்கலாம். இத்தனை வருஷம் கட்டுச்சோறு கட்டி எல்லோரையும் வழியனுப்பியவரை, சாப்பாட்டுக் கூடையை அவர் தொடாமல் ஒரு தடவை அழைத்துப் போங்கள். எங்கே போகலாம் என்று முதலில் அவரையே கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள், அதனால்தான். பொறுமையாகக் காத்திருங்கள்!