கரடிக் கதவு

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், எடின்பரோவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ட்ராக்வேர் மாளிகை இருக்கிறது. அந்நாட்டில் இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடுகளிலேயே மிகப் பழையது இதுதான் என்பார்கள். மரங்கள் அணிவகுத்த பாதை, அதன் முனையில் இருபுறமும் கற்கரடிகள் காவல் காக்கும் பெரிய வாயில். ஆனால் யாரும் அதன் வழியே உள்ளே போக முடியாது. 1745-ல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் எட்வர்ட் இங்கு வந்து சென்றாராம். ஒரு ஸ்டூவர்ட் மீண்டும் அரியணை ஏறும்வரை திறப்பதில்லை என்று சபதம் செய்து, மாளிகையின் பிரபு கதவைச் சாத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்த முடிசூட்டு விழா நடக்கவே இல்லை. இன்றுவரை வருகிறவர்கள் பக்கத்துப் பாதையில்தான் போகவேண்டும்.

உள்ளே, மேல்மாடியில் ஒரு சிறிய அறை. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் பாதிரியார் ஒளிந்திருந்த இடம். அவர் தப்பிக்க ஒரு ரகசியப் படிக்கட்டும் உண்டு. பூசை உடை வெள்ளை மெத்தைத் துணியில் தைத்தது. சோதனைக்கு ஆள் வந்தால் அதுவே கட்டில் விரிப்பு! மாளிகையில் பார்க்கவேண்டியது இந்த அறைதான். ஸ்காட்லாந்து அரசி மேரி தன் குழந்தையைத் தாலாட்டிய தொட்டில்கூட அப்புறம்தான்.

வெளியே புதர்வேலிகளால் ஆன புதிர்ப்பாதை இருக்கிறது. 1965-ல் தூசி தட்டி உயிர்ப்பித்த பழைய பியர் வடிப்பகமும் இயங்குகிறது. குளிர்காலத்தில் மாளிகை வழக்கமாக மூடியிருக்கும். போக நினைப்பவர்கள் கோடையில் போங்கள்.