பாடம் முடிந்த பின் ஐந்து நிமிடம்

பல்கலைக்கழகத்தில் எங்கள் டுட்டோரியல் வகுப்பை நடத்துபவர் ஒரு முனைவர் பட்ட மாணவி. நாங்கள் அவரை அக்கா என்றே அழைப்போம். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் கிளம்பிவிடுவோம். அவர் மட்டும் அங்கேயே அமர்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பார். என்னவென்று ஒருநாள் கேட்டேன்.

"ஆய்வு செய்யச் சொல்லிக் கொடுத்தாங்க. பாடம் நடத்த யாரும் சொல்லிக் கொடுக்கலம்மா. இப்படி எழுதித்தான் கத்துக்கிறேன்" என்றார்.

ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றே கேள்விகள். இன்று எதை நடத்த நினைத்தேன்? உண்மையில் என்ன நடந்தது? அடுத்த முறை எதை மாற்றுவேன்?

சனிக்கிழமைகளில் நான் கிள்ளானில் முதலாம் படிவ மாணவர்களுக்குக் கணித டியூஷன் எடுக்கிறேன். நானும் எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. திரும்பும்போது கோமுட்டர் ரயில் பிரிக்பீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலை அடைவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடுவேன்.

நான்காவது வாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன். திரும்பத் திரும்ப அதே நான்கைந்து பெயர்கள். கடைசி வரிசையில் அமரும் ஒரு பையனின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

அடுத்த வாரம் அவன் பக்கத்தில் அமர்ந்தேன். பின்னங்களைக் கூட்ட அவனுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால், தமிழ்ப்பள்ளியில் 'பகுதி' என்று படித்ததைத்தான் இடைநிலைப்பள்ளிப் புத்தகம் மலாயில் 'பெஞெபுட்' என்கிறது என்பது தெரியவில்லை. நானோ மூன்று வாரமாகக் கணக்கையே விளக்கிக்கொண்டிருந்தேன். தனக்குக் கணக்கே வராது என்ற முடிவுக்கு அவன் வந்திருந்தான். இப்போது பாடம் தொடங்கும் முன், புதிய சொற்களை இரு மொழியிலும் பலகையில் எழுதிவிடுகிறேன்.

செய்யும் வேலையைத் திரும்பிப் பார்த்தே அதில் தேர்ச்சி பெறுவது பற்றி அமெரிக்க அறிஞர் டோனல்ட் ஷோன் 1983-இல் ஒரு நூலே எழுதினார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பாடம் நடத்தும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு உதவவே தனி மையம் உண்டு. அது வழங்கும் விருதுகளில் ஒன்றுக்கு ஒரு சிறு கட்டுரை எழுத வேண்டும்: வகுப்பில் கண்ட சிக்கல் என்ன, அதற்கு என்ன செய்தீர்கள், அது பலன் தந்ததை எப்படி அறிந்தீர்கள்?

அக்காவின் கோப்பிலும் அதே வரிசைதான். பாடத்திட்டம், மாணவர்களின் கருத்து, அதன்பின் மாற்றியமைத்த பயிற்சித்தாள். நாளை விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, "நன்றாகக் கற்பிப்பேன்" என்று சொல்வதைவிட இந்தக் கோப்பு அதிகம் பேசும். சறுக்கிய வகுப்புகளையும் அவர் அதிலிருந்து நீக்கவில்லை.

இதில் மாணவர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. கருத்துப் படிவத்தில் "வகுப்பு நன்று" என்று எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த இடத்தில் புரியாமல் போனது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வாரப் பாடம் அந்த வரியிலிருந்து தொடங்கக்கூடும்.