கைக்கு வந்த வினை

மார்பகப் புற்றுநோய் என்றால் அக்குளில் உள்ள முடிச்சுகள் அனைத்தையும் எடுத்துவிட வேண்டுமா? பல ஆண்டுகள் நீடித்த ஆய்வுகள் தரும் பதில், நூறு வருட நம்பிக்கையைப் புரட்டிப்போட்டிருக்கிறது.

காலையில் ரவிக்கை போடும்போது ஒரு பக்கக் கை மட்டும் இறுக்குகிறது. அல்லது, பல வருடங்களாகச் சுலபமாக ஏறிக்கொண்டிருந்த வளையல் திடீரென்று மறுக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் பலருக்கு அடுத்த தொல்லை தெரியவருவது இப்படித்தான். ஆபரேஷன் முடிந்த சில மாதங்களிலும் வரலாம்; நோயையே மறந்துவிட்ட பிறகு, பல வருடங்கள் கழித்தும் வரலாம். புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று பதறி ஓடினால், பரிசோதித்துவிட்டு டாக்டர் பெரும்பாலும் சொல்வது: "இது நிணநீர் வீக்கம்."

காரணம் அக்குளில் இருக்கிறது. அங்கே சுமார் 20 முதல் 30 நிணநீர் முடிச்சுகள் உள்ளன. கையில் புண் வந்தால் 'நெறி கட்டியிருக்கிறது' என்கிறோமே, அவைதான். கையிலிருந்தும் மார்பகத்திலிருந்தும் வரும் நிணநீரை வடிகட்டுவது அவற்றின் வேலை. மார்பகத்திலிருந்து கிளம்பும் புற்றுநோய் செல்கள் பெரும்பாலும் முதலில் தங்குவதும் அங்கேதான். முடிச்சுகளை மொத்தமாக அகற்றும்போது கையின் வடிகாலும் போய்விடுகிறது. யானைக்கால் நோயில் காலுக்கு நேர்வது இங்கே கைக்கு நேர்கிறது.

வேரோடு பிடுங்கிய காலம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த வழி இது. புற்றுநோய் மார்பகத்திலிருந்து முடிச்சுக்கும், முடிச்சிலிருந்து உடம்புக்கும் படிப்படியாகப் பரவுகிறது. பாதையைத் துண்டித்துவிட்டால் உயிர் பிழைக்கும் என்பது அவரது கணக்கு. மார்பகம், அதன் அடியிலுள்ள தசைகள், அக்குள் முடிச்சுகள் என்று எல்லாவற்றையும் எடுத்தார். முக்கால் நூற்றாண்டுக்கு உலகெங்கும் டாக்டர்கள் அதையே பின்பற்றினார்கள்.

அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தவர் பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர். 1971ல் அவர் தொடங்கிய ஆய்வில், அக்குளில் முடிச்சு தட்டுப்படாத 1,079 பெண்கள் மூன்று பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஹால்ஸ்டெட் முறை. இன்னொன்றுக்கு மார்பகத்தை அகற்றிவிட்டுக் கதிரியக்கச் சிகிச்சை. மூன்றாவது பிரிவுக்கு மார்பகம் மட்டும் எடுக்கப்பட்டது. முடிச்சுகளில் பிற்பாடு நோய் தெரிந்தால் மட்டுமே அங்கே கத்தி வைக்கப்பட்டது. 25 வருட முடிவு 2002ல் வெளிவந்தது. மூன்று பிரிவுகளிலும் ஆயுளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. முடிச்சுகள் எடுக்கப்பட்ட பிரிவில் சுமார் 40 சதவீதம் பேருக்கு அவற்றில் நோய் இருந்தது. அப்படியானால் எடுக்கப்படாத பிரிவிலும் ஏறக்குறைய அவ்வளவு பேருக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களில் பின்னாளில் அக்குளில் நோய் தலைகாட்டியது ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான். முடிச்சுகள் நோய் பரவும் வாசல் என்பதைவிட, நோயின் குணத்தைக் காட்டும் அடையாளம் என்ற கருத்து வலுப்பெற்றது.

காவல்காரனை மட்டும் கேட்டால் போதும்

அடையாளம் பார்க்க எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லையே? 1990களில் பிறந்தது 'சென்டினல்' எனப்படும் காவல் முடிச்சுப் பரிசோதனை. மார்பகத்தில் நீலச் சாயமோ, லேசான கதிரியக்கப் பொருளோ செலுத்தினால் அது முதலில் போய்ச் சேரும் ஓரிரு முடிச்சுகள் தெரிந்துவிடும். அவற்றில் நோய் இல்லை என்றால் மற்றவற்றைத் தொடுவதில்லை.

காவல் முடிச்சில் நோய் இருந்தால்? 1999ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு ஆய்வு அதையும் சோதித்தது. ஒன்றிரண்டு முடிச்சுகளில் நோய் இருந்து, மார்பகத்தைக் காப்பாற்றும் ஆபரேஷனும் கதிரியக்கச் சிகிச்சையும் பெற்ற பெண்கள் இதில் இருந்தார்கள். 10 வருடம் கழித்து, மிச்ச முடிச்சுகளை எடுக்காதவர்களில் 86.3 சதவீதம் பேரும், எடுத்தவர்களில் 83.6 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். எடுத்ததால் ஆயுள் கூடவில்லை. மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டவர்களையும் சேர்த்து நடந்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2024ல் வந்தது. பெரும்பாலோருக்குக் கதிரியக்கச் சிகிச்சையும் தரப்பட்ட அந்த ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது.

ஆனால் கை விஷயத்தில் வித்தியாசம் பெரிது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013ல் வெளியான கணக்குப்படி, முடிச்சுகளை மொத்தமாக இழந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. காவல் முடிச்சை மட்டும் கொடுத்தவர்களில் இது சுமார் 6 சதவீதம்தான். மேல்கையின் உட்புறம் மரத்துப்போவது, தோள் இறுகுவது ஆகியவையும் மொத்தமாக எடுத்தவர்களுக்கே அதிகம்.

பரேலில் ஒரு குறுக்கு வழி

இந்தியாவில் 2022ல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது. இங்கே பலர் கட்டி பெரிதாகி, அக்குளில் கைக்கே தட்டுப்படும் அளவு முடிச்சுகள் வீங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அவர்களில் பலருக்கு முழு ஆபரேஷனைத் தவிர்க்க முடியாது. முன்கூட்டியே வருபவர்களுக்கோ கதிரியக்கப் பொருளும் அதைத் தேடும் கருவியும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை இதற்கு எளிய வழி கண்டது. அக்குளின் கீழ்ப்பகுதியில், ஒரு குறிப்பிட்ட நரம்புக்குக் கீழே இருக்கும் கொழுப்பையும் அதிலுள்ள முடிச்சுகளையும் மட்டும் எடுத்துப் பரிசோதிப்பது. விசேஷக் கருவி வேண்டாம். நோயைக் கண்டுபிடிப்பதில் இது காவல் முடிச்சு முறைக்குச் சளைத்ததல்ல என்று 2013ல் அங்குள்ள டாக்டர்கள் அறிவித்தார்கள்.

முழு ஆபரேஷன் ஆகிவிட்டவர்கள் என்ன செய்வது? கையைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மெல்ல மெல்ல எடையைக் கூட்டிச் செய்யும் உடற்பயிற்சியால் வீக்கம் கூடுவதில்லை என்று 2009ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் அரிவாள்மனை வெட்டு, அடுப்புச் சூடு, நகக்கண் புண் எதையும் அலட்சியம் செய்யக் கூடாது. கை சிவந்து காய்ச்சல் அடித்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். வீக்கம் ஆரம்பத்திலேயே தெரிந்தால், அழுத்தம் தரும் கையுறையும் முறையான பிசியோதெரபியும் அதைக் கட்டுக்குள் வைக்கும். முற்றிய பிறகு கடினம்.

ஆபரேஷனுக்கு முன்பு நோயாளியோ குடும்பமோ வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: "உயிருக்கு ஆபத்து இல்லையே?" இன்னொன்றையும் கேட்கலாம்: "எத்தனை முடிச்சு எடுப்பீர்கள், ஏன்?" உயிர் பிழைத்தவர் இனி சமைப்பதும் குழந்தையைத் தூக்குவதும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதும் அந்தக் கையால்தான்.