லேத் கூலண்டும் நம் சிறுகுடலும்

மெக்கானிக்கல் பையனுக்குக் குடலில் என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். போன வருடம் கம்பத்தில் என் அம்மாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். நெய், எண்ணெய் எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. மலம் களிமண் நிறம். "காமாலைதாம்ப்பா, கீழாநெல்லி கொடு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. பத்து நாள் வீணாய்ப் போனது. தேனியில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் பித்தக் குழாயில் கல் அடைத்திருப்பது தெரிந்தது.

"பித்தம் வராட்டி கொழுப்பு ஏன் சார் சேராது?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னது லேத் முன்னால் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

கூலண்ட் ஆயிலைத் தண்ணீரில் ஊற்றினால் மிதக்காது. பால் போல் கலந்துவிடும். அதிலுள்ள எமல்சிஃபையர்தான் காரணம். குடலில் அந்த வேலையைச் செய்பவை பித்த உப்பும், லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிடும்.

லெசித்தினுக்கு ஒரு தலை, இரண்டு வால். பாஸ்பேட் உள்ள தலை தண்ணீரை நாடும். கொழுப்பமில வால்கள் எண்ணெயை நாடும். அதனால் எண்ணெய்த் துளியைச் சுற்றி வேலி போல் நிற்கும். துளிகள் மறுபடி ஒன்றுசேராது. ஆனால் அந்த வேலியே கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் நொதிக்கும் தடை! கணையத்திலிருந்து வரும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 ஒரு வாலை வெட்டிவிடும். வேலி தளரும்; லிப்பேஸ் வேலையைத் தொடங்கும்.

உடைந்த கொழுப்பு குடல் செல்லுக்குள் போனதும் மீண்டும் ஒன்றுசேர்கிறது. வெட்டுப்பட்ட லெசித்தினுக்கும் இரண்டாவது வால் ஒட்டப்படுகிறது. அது கொழுப்பைப் போர்த்தினால்தான் கைலோமைக்ரான் என்ற உருண்டை உருவாகும். போர்வை போதாவிட்டால் கொழுப்பு செல்லிலேயே தேங்கும். இந்த உருண்டை பெரிது. குடலின் ரத்த நுண்குழாயில் நுழையாது. நிணநீர் வழியே ஏறி, இடது கழுத்தடியில் ரத்தத்தில் சேரும். சாப்பிட்ட பின் அந்த நிணநீரும் நம் கூலண்ட் மாதிரியே வெள்ளைதான்!

நம் பள்ளத்தாக்குத் தேங்காய் எண்ணெயில் 8, 10 கார்பன் உள்ள குட்டை அமிலங்கள் கொஞ்சம் உண்டு. அவற்றுக்கு இந்தப் போர்வை வேண்டாம்; நேரே கல்லீரலுக்குப் போய்விடும். அதற்காகத் தேங்காய் எண்ணெய் முழுசும் அப்படி என்று நம்பிவிடாதீர்கள். அதில் பாதியளவு 12 கார்பன் லாரிக் அமிலம். அதில் பெரும்பங்கு சுற்று வழியில்தான் போகும்.

எண்டோஸ்கோப்பி மூலம் கல்லை எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து அம்மா பருப்புச் சோற்றில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுச் சாப்பிட்டார், ஒன்றும் செய்யவில்லை. நண்பர்களே, வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளாகி, மலம் வெளுத்தால் நாள் எண்ணாதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.