தேவாலா தங்கமும் நம் கல்லாப்பெட்டியும்

நம் நெல்லியாளம் நகராட்சிக்குள் அடங்கிய தேவாலா, பந்தலூர் என்ற பெயர்கள் ஒரு காலத்தில் லண்டன் பங்குச் சந்தையில் அடிபட்டவை என்றால் இளம் வியாபாரிகள் நம்ப மாட்டார்கள். தேயிலைக்காக அல்ல, தங்கத்துக்காக!

குறும்பர்கள் இங்கே ஆற்று மண்ணை அரித்துப் பொன்துகள் எடுத்தது பழைய சங்கதி. 1874-ல் ஆல்பா என்ற கம்பெனி தேவாலாவில் பாறையை உடைக்கத் தொடங்கியது. 1879-ல் பிரப் ஸ்மித் என்ற ஆஸ்திரேலிய நிபுணரை அரசாங்கம் ஆய்வுக்கு அமர்த்தியது. அவருடைய அறிக்கை நம்பிக்கையூட்டியது. அவ்வளவுதான்! 1880, 1881-ல் லண்டனில் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. அவற்றின் மூலதனம் ஏறக்குறைய 40 லட்சம் பவுண்டு. நொடித்துக் கிடந்த காப்பித் தோட்டங்கள் தங்க நிலம் என்ற பெயரில் கொள்ளை விலைக்குக் கைமாறின. போட்ட பணத்தில் பெரும்பகுதி கம்பெனி தொடங்கியவர்களுக்கும் நிலம் விற்றவர்களுக்கும் போயிற்று. மிச்சத்தில் இயந்திரம் வந்தது. அரைத்துப் பார்த்தால் கிடைத்த தங்கம் செலவுக்கே கட்டவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கிவிட்டது.

எல்லாமே மோசடி என்று தள்ளிவிடலாம். ஆனால் நம் தொழிலுக்குப் பழக்கமான தவறும் இதில் உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோறு பானை முழுக்க ஒரே சீராக வேகும், அதனால் அது சரி. பாறையில் தங்கம் அப்படி இல்லை. ஓரிடத்தில் மின்னும், நாலடி தள்ளி ஒன்றும் இராது. மின்னும் கல்லையே பொறுக்கிச் சோதித்தால் மலை முழுவதும் தங்கமாகத்தான் தெரியும். மிளகு வாங்கும்போது மூட்டையின் வாயில் இருப்பதை மட்டும் பார்க்காமல் நடுவிலும் அடியிலும் குத்தூசி போடுகிறோமே, அந்தப் புத்தி லண்டனில் பணம் போட்டவர்களுக்கு இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே 1880-ல் தொடங்கிய மைசூர் கம்பெனி கோலாரில் பணத்தைக் கரைத்து, 1883 வாக்கில் மூடும் நிலைக்கு வந்தது. மிச்சப் பணத்தில் தோண்டியபோது வளமான ரேகை அகப்பட்டது. கோலார் சுரங்கம் 2001 வரை நடந்தது. கோலார்க்காரர்களை விடாமுயற்சிக்காரர்கள் என்கிறோம், தேவாலாக்காரர்களைப் பேராசைக்காரர்கள் என்கிறோம். தோண்டிய கைகளில் அத்தனை வித்தியாசம் இருந்ததா என்பது சந்தேகமே.

எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக்காரர் கர்நாடகத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்து இஞ்சி போட்டார். 2023-ல் விலை எகிறியது, நல்ல லாபம். தனக்கு இஞ்சியின் நாடி பிடிபட்டுவிட்டது என்றார். மறு வருடம் கடைச் சரக்குப் பணத்தோடு வீட்டு நகையையும் அடகு வைத்து மூன்று மடங்கு நிலம் எடுத்தார். 2024 கடைசியில் விலை விழுந்தது.

சென்ற மாதம் பார்த்தபோது கேட்டேன்:

"அண்ணாச்சி, முதல் வருடம் உங்களோடு இஞ்சி போட்டவர்களில் யாருக்காவது நஷ்டம் வந்ததா?"

சற்று யோசித்தார். "ஒருத்தருக்கும் இல்லைங்க. எல்லாருக்கும் லாபம்தான்."

"அப்புறம் உங்கள் கணிப்பு என்று எதைச் சொன்னீர்கள்?"

அவர் சிரித்துவிட்டார். நகை இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. இந்த வருடம் குத்தகை எடுக்கவில்லை. கடையில் மூன்று மாதச் சரக்குக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.