வாங்காமல் எழுந்து போகிறவர்கள்

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜவுளிக் கடையில் ஏறிவிட்டு ஒன்றும் எடுக்காமல் இறங்குவது எளிதல்ல. செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை விரித்த மெத்தையில் குடும்பத்தோடு உட்கார வேண்டும். எதிரே இருப்பவர் புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, முந்தானையை விசிறிக் காட்டி, “உங்க நிறத்துக்கு இது எடுப்பா இருக்கும்மா” என்பார். நடுவில் கலரோ காப்பியோ வந்துவிடும். ஐம்பது புடவை பிரித்துப் போட்ட பிறகு எழுந்திருக்கக் கூச்சமாக இருக்கும். காலையில் முதல் ஆளாக நுழைந்திருந்தால் இன்னும் சங்கடம். போணி ஆகாவிட்டால் கடைக்காரர் முகம் மாறிவிடும். அந்தக் கூச்சத்துக்காகவே ஒரு ரவிக்கைத் துணியாவது கிழித்துக்கொண்டு வந்த குடும்பங்கள் ஏராளம்.

இன்று அதே வீட்டில் இரவு பதினோரு மணிக்குக் கைப்பேசியில் நான்கு புடவைகளைக் கூடையில் போடுகிறார்கள். பணம் கட்டும் பக்கம் வரை போகிறார்கள். பிறகு மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். எதிரே ஆளில்லை, கூச்சமும் இல்லை. இணைய விற்பனையை ஆராய்ந்துவரும் டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம், ஏறக்குறைய ஐம்பது ஆய்வுகளின் சராசரியை எடுத்து, இணையக் கூடைகளில் சுமார் 70 விழுக்காடு பணம் கட்டப்படாமலேயே கைவிடப்படுகின்றன என்கிறது. பத்துப் பேரில் ஏழு பேர் எழுந்து போகும் ஜவுளிக் கடை அன்று அடுத்த தீபாவளியைப் பார்த்திருக்காது.

ஆனால் இந்த 70ஐக் கண்டு பதற வேண்டியதில்லை. அதில் பெரும்பகுதி வேடிக்கை பார்ப்பது, விலை ஒப்பிடுவது, பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பது. அன்றும் இது உண்டு. “இதை எடுத்து வையுங்க, சம்பளம் வந்ததும் வர்றேன்” என்று சொல்லிச் சின்ன முன்பணம் கொடுத்தால், பெயரெழுதிய சீட்டைச் செருகிப் புடவையைத் தனியே வைப்பார்கள். இன்று முன்பணமும் இல்லை, சீட்டும் இல்லை. கூடையே அந்த அலமாரி. பேரம் படியாமல் நாலு அடி நடந்தால் பின்னாலிருந்து “சரி வாங்க, எடுத்துக்குங்க” என்று குரல் வரும் அல்லவா, அந்தக் குரலும் அழியவில்லை. மறுநாள் காலையில் ‘உங்கள் கூடை காத்திருக்கிறது, 10 விழுக்காடு தள்ளுபடி’ என்று செய்தியாக வருகிறது. அது வரும் என்று தெரிந்தே கூடையை நிரப்பிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பேரம் பேசத் தெரிந்த ஊர்தானே இது.

மாறிப்போனது கடைக்காரரின் அறிவு. அன்றைய விற்பனையாளருக்கு ஏன் எழுந்தார்கள் என்பது தெரியும். கரை பிடிக்கவில்லையா, மாமியாருக்குச் சம்மதமில்லையா, கையில் பணம் போதவில்லையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மூன்றாவது என்றால், அவர்கள் மனம் நோகாமல் விலை குறைந்த அடுக்கிலிருந்து ஒன்றைத் தானே எடுத்துப் போடுவார். இன்றைய கடைக்கு எந்தப் பக்கத்தில், எத்தனையாவது நொடியில் போனார்கள் என்பது துல்லியமாகத் தெரியும். ஏன் என்பது மட்டும் தெரியாது. அதற்குத் தனியாக ஆய்வு நடத்த வேண்டியிருக்கிறது.

அப்படி ஆராய்ந்து பார்த்ததில் கிடைத்த புகழ்பெற்ற விடை ஒன்று உண்டு. ஜேரெட் ஸ்பூல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2009இல் எழுதியது. பெரிய இணையக் கடை ஒன்று, பணம் கட்டுவதற்கு முன் ‘பதிவு செய்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு ‘தொடர்க’ என்று வைத்து, கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்றும் ஒரு வரி சேர்த்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 விழுக்காடு கூடினார்கள்; முதலாண்டில் மட்டும் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை. நம் ஜவுளிக் கடையில் பெயர் கேட்காமல்தான் புடவை காட்டினார்கள். இப்போது மளிகைக் கடையின் பில் போடும் இடத்திலேயே போன் நம்பர் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் விலை. வேடிக்கை பார்த்தவர்களைக் கழித்துவிட்டுக் கேட்ட பேமார்ட்டின் கணக்கில், கடைசியில் சேரும் கூடுதல் செலவே முதலிடத்தில் இருக்கிறது. விழுக்காடு ஏறி இறங்கினாலும் இடம் மாறவில்லை. 499 ரூபாய் என்று பார்த்து எடுத்த பொருள் அனுப்புகை, கையாளும் கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் சேர்ந்து கடைசித் திரையில் வேறு தொகையாகி நிற்கிறது. உணவுச் செயலிகளில் 2023இல் 2 ரூபாயாகத் தொடங்கிய பிளாட்ஃபார்ம் கட்டணம் இரண்டே ஆண்டுகளில் ஐந்து மடங்கைத் தாண்டியது.

இந்த நோய் நமக்குப் புதிதல்ல. எண்பதுகளில் சோப்புப் பெட்டியில் ஒரு விலை அச்சிட்டு, பக்கத்தில் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று போட்டிருப்பார்கள். எவ்வளவு வரி என்பது கடைக்காரர் வாய்க்கணக்கு. 1990இல் விதியைத் திருத்தி, எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச சில்லறை விலையை உறையின் மேல் அச்சிட வைத்தது அரசு. சண்டை அடங்கியது. அடங்கிய அதே சண்டை திரையில் மீண்டும் முளைத்தபோது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகையான ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விலையைத் துளித்துளியாக வெளியிடுவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, பொய்யான அவசரம் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. வேண்டாம் என்று சொல்பவரைக் குற்றவுணர்வில் தள்ளும் வாசகமும் அந்தப் பட்டியலில் ஒன்று. காப்பீடு வேண்டாமென்றால் ‘நான் பாதுகாப்பின்றியே இருக்கிறேன்’ என்பதை நாமே அழுத்த வேண்டுமாம். ஜவுளிக் கடைக் கூச்சத்தில் காப்பியாவது கிடைத்தது.

பணம் கட்டும் இடத்திலும் பழையது புது உடையில் வந்திருக்கிறது. 1877இல் இந்திய அஞ்சல்துறை தொடங்கிய வி.பி.பி. முறையில் தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளலாம். தமிழ்ப் பதிப்பகங்கள் எத்தனையோ புத்தகங்களை அப்படி அனுப்பின. பிரிக்கப்படாமல் திரும்பி வந்தவற்றுக்குத் தபால் செலவையும் ஏற்றன. 2007இல் புத்தகக் கடையாகவே தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010இல் வீட்டு வாசலில் பணம் பெறும் முறையைக் கொண்டுவந்தது. அட்டை எண்ணைத் திரையில் எழுத அஞ்சியவர்கள் அதன் பிறகுதான் இணையத்தில் வாங்க வந்தார்கள். கூடவே, கூடையைக் கைவிடுவதும் வாசல்படிக்கு இடம் மாறியது. பொட்டலம் வந்து நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். போக வரச் செலவு இன்றும் விற்றவர் தலையில்தான்.

இணையத்தில் அட்டை வழியே பணம் கட்டக் கூடுதல் கடவுச்சொல்லை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. சிக்னல் இல்லாத ஊரில் ஓடிபி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்து கூடை போனது உண்மை. களவு போகாமல் கோடிக்கணக்கானோர் பணம் காக்கப்பட்டதும் உண்மை. 2016இல் வந்த யுபிஐ அந்தத் தடையைப் பெருமளவு தாழ்த்திவிட்டது.

இழந்தது துணியைத் தொட்டுப் பார்க்கும் விரலும், நம் பணத்தின் அளவறிந்து பேசிய ஒரு மனிதரும். பெற்றது, யார் முகத்தையும் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லும் உரிமை. வீட்டுச் செலவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய பெண்களுக்கு அது சிறிய உரிமையல்ல. என் கட்சி பெற்றதன் பக்கம். கைவிட்ட கூடையைக் கடைகள் நோயாகப் பார்க்கின்றன. வாங்குகிறவருக்கு அதுதான் பேரம் பேச மிஞ்சியிருக்கும் ஒரே வழி.

எனவே கடைசித் திரையில் தொகை மாறினால் தயங்காமல் வெளியே வாருங்கள். முதல் விலையும் கடைசி விலையும் தெரியும் திரைகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்யுங்கள்.